அடைத்த காய்கறிகள்: சத்து காயிலா, மசாலாவிலா?

காயைப் பொடியாக அரிந்து வதக்காமல், முழுதாக வைத்துக்கொண்டு, கீறியோ குடைந்தோ உள்ளே மசாலாவை நிரப்பிச் சமைப்பதே அடைத்த கறி. நம் ஊர் எண்ணெய்க் கத்தரிக்காயும் பொடி அடைத்த கறியும் இந்த வகையைச் சேர்ந்தவை. வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்குத் துணையாக வரும் எண்ணெகாயி, ஆந்திரத்தின் குத்தி வங்காய, ஹைதராபாத்தின் பகாரா பைங்கன், மகாராஷ்டிரத்தின் பரலி வாங்கி என்று, ஒரே கத்தரிக்காய் ஊருக்கு ஊர் மசாலாவை மாற்றிக்கொண்டு வெவ்வேறு பெயரில் இலைக்கு வருகிறது. இலங்கையில் கறிமிளகாய்க்குள் மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கலவையை அடைக்கிறார்கள். துருக்கி முதல் காக்கசஸ் நாடுகள் வரை குடைமிளகாய், கத்தரிக்காய், தக்காளி, திராட்சை இலை ஆகியவற்றுக்குள் அரிசியும் இறைச்சியும் வைத்துச் செய்யும் தோல்மா பெயர் பெற்றது. அஜர்பைஜானின் தோல்மா மரபை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த உணவுகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்கள் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். காய்கறிதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புக்கு நல்லது என்பது ஒன்று. எண்ணெயில் மிதக்கும் கறி, இதில் என்ன சத்து இருக்கப் போகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மை அல்ல. அடைத்த கறி என்பது ஒரே பொருள்போலத் தோன்றினாலும், சத்துக் கணக்கில் அது மூன்று பொருள்கள்: வெளியே இருக்கும் காய், உள்ளே இருக்கும் அடைப்பு, இரண்டையும் வேகவைக்கும் எண்ணெய். இந்த மூன்றையும் தனித்தனியே பார்க்கப் பழகிவிட்டால், எந்த ஊர் அடைத்த கறியாக இருந்தாலும் அதன் சத்தை ஓரளவு நாமே மதிப்பிட்டுவிடலாம். மூன்றில் மிகக் குறைவாகக் கலோரி தருவது காய்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

முதலில் காய்

கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் கத்தரிக்காயில் ஏறத்தாழ 25 கலோரியும், 1 கிராம் புரதமும், 3 கிராம் நார்ச்சத்தும், 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியமும் உள்ளன. பாகற்காயும் குடைமிளகாயும் இதைவிடவும் குறைந்த கலோரி கொண்டவை. வெண்டைக்காய் 30 கலோரியைச் சற்றுத் தாண்டும். ஃபோலேட் என்னும் வைட்டமினும் வழவழப்பான கரையும் நார்ச்சத்தும் அதன் சிறப்பு. இத்தகைய எண்கள் காயின் இரகம், மண், பருவம் ஆகியவற்றுக்குத் தக்கபடி மாறுபவை என்பதால், இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவுகளையும் தோராயமானவையாகவே கொள்ள வேண்டும்.

இந்திய உணவுகளுக்கென்று தனி அட்டவணை வெளியிடுவது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017இல் வெளிவந்த அதன் அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. இந்த நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில் என்பது பலர் அறியாத செய்தி: 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய்வதற்குத் தொடங்கிய சிறிய பிரிவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்மாறியது.

ஆக, காய் நமக்குத் தருவது வயிறு நிறையும் உணர்வு, நார்ச்சத்து, தாதுக்கள், சில வைட்டமின்கள். புரதமோ கொழுப்போ அதில் சொல்லும்படி இல்லை. கத்தரிக்காயில் சத்தே இல்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கூற்று நார்ச்சத்தைக் கணக்கில் எடுக்காத காலத்தைச் சேர்ந்தது. ஊதாக் கத்தரிக்காயின் தோலில் நாசுனின் என்னும் நிறமியும், சதைப்பகுதியில் குளோரோஜெனிக் அமிலமும் உள்ளன. இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உடையவை. நறுக்கிய கத்தரிக்காய் சிறிது நேரத்தில் கறுப்பதற்கும் இந்த அமில வகைப் பொருள்களே காரணம். காற்றுப் படும்போது காயிலுள்ள நொதி அவற்றோடு வினைபுரிந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. கீறிய உடனே காயைத் தண்ணீரில் போடும் வழக்கம் காற்றை விலக்குவதற்காகத்தான். மணிக்கணக்கில் ஊறப்போட்டால் தண்ணீரில் கரையும் வைட்டமின்களும் பொட்டாசியமும் அதோடு வெளியேறும் என்பதால், அடைப்பு தயாரான பிறகு கீறத் தொடங்குவதே நல்லது.

அடைப்பதற்கு ஏற்றது உள்ளங்கையில் இரண்டு மூன்று அடங்கும் அளவுள்ள, பிஞ்சான உருண்டைக் காய். தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். காம்பின் தொப்பி பச்சையாகவும் சதையோடு ஒட்டியும் இருக்க வேண்டும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பது பழமொழி. அப்படி வந்த காய் கூட்டுக்கு ஆகுமே தவிர, அடைப்பதற்கு ஆகாது, விதை கடினமாகி வாயில் நெருடும். காம்பை வெட்டாமல், அடிப்பக்கத்திலிருந்து கூட்டல் குறிபோல் இரண்டு கீறல் போட்டு, காம்புக்கு ஒரு விரல்கடை முன்பே கத்தியை நிறுத்த வேண்டும். பிறகு நான்கு பிளவையும் மெதுவாக விரித்து, வெளிச்சத்தில் உள்ளே பார்ப்பது கட்டாயம். வெளியே ஊசிமுனை அளவு துளை தெரியாத காயின் நடுவிலும் புழு இருக்கக் கூடும். அரிந்து சமைக்கும்போது தானாகத் தெரிந்துவிடும் இந்தக் குறை, அடைத்த கறியில் மசாலாவுக்கு அடியில் மறைந்துவிடும். வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள் கத்தரிக்காய் போன்ற நாட்டு இரகங்களை விரும்புவோர் அதிகம். அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அடைப்பில் இருப்பது

எண்ணெய்க் கத்தரிக்காயின் அடைப்பு வீட்டுக்கு வீடு மாறும். வேர்க்கடலை, எள், தேங்காய், தனியா, மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், புளி என்பது பரவலான சேர்க்கை. இவற்றில் வேர்க்கடலையும் எள்ளும் தேங்காயும்தான் சத்துக் கணக்கை நிர்ணயிப்பவை. மற்றவை சுவைக்கும் மணத்துக்கும் உரியவை.

100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. கூடவே 40 கிராமுக்கும் குறையாத கொழுப்பும் இருக்கும். எள்ளில் புரதம் 18 கிராம், கொழுப்பு வேர்க்கடலையில் இருக்கும் அளவு அல்லது சற்று அதிகம். தேங்காயில் புரதம் 3 அல்லது 4 கிராம் மட்டுமே; கலோரியில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது, அந்தக் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுற்ற வகை. இதனால் தேங்காயைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தேங்காய் சேர்த்தால் புரதம் கூடும் என்று எண்ணினால் அது கணக்குக்கு ஒத்துவராது. புரதம் வேண்டுமென்றால் கடலையையோ பருப்பையோ கூட்டித் தேங்காயைக் குறைக்க வேண்டும்.

பருப்பும் எள்ளும் ஒன்றாகச் சேர்வதில் ஒரு நன்மை உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் சிலவற்றை உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். பருப்பு வகைகளில் லைசின் என்னும் அமினோ அமிலம் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளில் இதற்கு நேர்மாறு. சோற்றிலும் லைசின் குறைவு. பருப்பும் எள்ளும் உள்ள அடைப்பைச் சோற்றோடு உண்ணும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்கிறது. எள்ளில் கால்சியமும் உண்டு. தோல் நீக்காத எள் 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதாக அட்டவணைகள் காட்டினாலும், அதில் பெரும்பகுதி தோலிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருளோடு பிணைந்திருப்பதால் உடல் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. தவிர, ஓர் ஆள் ஒரு வேளையில் உண்ணும் எள் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல்தான். எள் சேர்த்ததால் கால்சியக் குறை தீர்ந்தது என்று சொல்லும் விளம்பர வாசகங்களை இந்த அளவு தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

வேர்க்கடலையில் ஒரு கவனம் தேவை. ஈரம் பட்டு பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உருவாகலாம். வறுத்தாலும் அது முழுவதும் அழியாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் மணிகளை வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

பொடி அடைத்த கறியின் போக்கு வேறு. கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, தனியா, மிளகாய் வற்றல், பெருங்காயம் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து, சற்றுக் கொரகொரப்பாகப் பொடித்து அடைக்கிறார்கள். பருப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல்; கொழுப்போ கடலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு இந்தப் பொடிக்குத்தான். ருசி என்று வந்தால் வழக்கு நீளும்.

எண்ணெய் என்னும் மூன்றாவது பங்கு

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. 15 மில்லி பிடிக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்குச் சற்று அதிகம். அதாவது அரைக் கிலோ கத்தரிக்காயில் இருக்கும் மொத்தக் கலோரியும் ஒரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருக்கிறது. நல்லெண்ணெய், கடலெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கிடையே கொழுப்பு அமிலங்களின் வகையில் வேறுபாடு உண்டே ஒழிய, கலோரியில் வேறுபாடு இல்லை.

கத்தரிக்காய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு எண்ணெய் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அதன் சதை, கடற்பஞ்சைப்போல் காற்று நிரம்பிய நுண்ணிய இடைவெளிகளால் ஆனது. சூடான எண்ணெயில் போட்டதும் அந்தக் காற்று வெளியேறி, அதன் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. வாணலியில் ஊற்றிய எண்ணெய் இரண்டே நிமிடத்தில் காணாமல் போவதும், சமைப்பவர் இன்னொரு கரண்டி ஊற்றுவதும், காய் முழுவதும் வெந்து சதை அமுங்கிய பிறகு எண்ணெய் திரும்பப் பிரிந்து வருவதும் இதனால்தான். எண்ணெய் பிரிந்து வந்தால் கறி தயார் என்பது சமையலறை இலக்கணம். ஆனால் அப்படிப் பிரிந்து வருவது ஊற்றியதில் ஒரு பகுதிதான். மீதி காய்க்குள்ளும் மசாலாவுக்குள்ளும் தங்கிவிடுகிறது.

எண்ணெயில் இடுவதற்கு முன்பே அந்த இடைவெளிகள் அமுங்கிவிட்டால் எண்ணெய் உள்ளே போக இடமிருக்காது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கீறிய காயின் உட்புறத்தில் உப்பைத் தடவி அரைமணி நேரம் வைத்தால் நீர் கசிந்து சதை தளரும். அந்த நீரை ஒற்றி எடுத்துவிட்டு அடைக்கலாம், ஆனால் கறியில் உப்பைக் குறைக்க வேண்டும். மற்றொன்று, கீறிய காய்களை இட்லித் தட்டில் வைத்து ஐந்தாறு நிமிடம் ஆவியில் வைத்து எடுப்பது. தொட்டால் லேசாகக் குழையும் பதத்தில் எடுத்து, ஆறிய பின் அடைத்து, அகலமான வாணலியில் மூடிபோட்டுச் சிறுதீயில் வேகவைத்தால், நான்கு மேசைக்கரண்டி கேட்கும் கறி இரண்டிலேயே முடிந்துவிடும். ஆவியில் அதிகம் வெந்துவிட்டால் அடைக்கும்போது காம்போடு கழன்று வந்துவிடும் என்பது மட்டுமே இதிலுள்ள தொல்லை.

எண்ணெயே வேண்டாம் என்பதும் சரியில்லை. சிவப்புக் குடைமிளகாயிலும் தக்காளியிலும் உள்ள கரோட்டினாய்டு வகை நிறமிகள் கொழுப்பில் கரைபவை; உணவில் ஓரளவு கொழுப்பு இருந்தால்தான் குடல் அவற்றை நன்கு உறிஞ்சும். அதற்குச் சில கிராம் கொழுப்பே போதும். அடைப்பில் கடலையோ எள்ளோ இருந்தால் அந்தத் தேவை அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

ஒரு வாணலிக் கணக்கு

நான்கு பேருக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்வதாக வைத்துக்கொள்வோம். கத்தரிக்காய் 500 கிராம், வேர்க்கடலை 50 கிராம், எள் 20 கிராம், தேங்காய்த் துருவல் 40 கிராம், நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. காயிலிருந்து 125 கலோரி. கடலையிலிருந்து 275, எள்ளிலிருந்து 115, தேங்காயிலிருந்து 150. எண்ணெயிலிருந்து 495. வெங்காயம், புளி, தனியா முதலியவற்றுக்கு 90 என்று வைத்தால் மொத்தம் 1250. ஆளுக்கு 310 கலோரி சொச்சம்.

இதில் கத்தரிக்காயின் பங்கு பத்தில் ஒன்றுதான். பத்தில் நான்கு பங்கு எண்ணெயினுடையது. தட்டில் கண்ணுக்குத் தெரிவது காயாக இருந்தாலும், கலோரிக் கணக்கில் நாம் உண்பது பெரும்பாலும் கடலையும் எண்ணெயும்தான். நார்ச்சத்தில் நிலைமை தலைகீழ்: மொத்தமுள்ள 25 கிராமில் 15 கிராம் காயிலிருந்து வருகிறது. ஆளுக்கு 6 கிராம் நார்ச்சத்து கிடைக்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் தேவை என்று கொண்டால் இது ஐந்தில் ஒரு பங்கு. புரதமும் ஆளுக்கு ஏறத்தாழ 6 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்பதால், இது எட்டில் ஒரு பங்கு. கத்தரிக்காய்ப் பொரியலில் இந்த அளவு வராது.

எண்ணெயை மட்டும் பாதியாக்கினால் ஆளுக்கு 60 கலோரிக்கு மேல் குறையும். புரதமும் நாரும் அப்படியே இருக்கும். பொடி அடைத்த கறியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் 45 கிராம் பருப்பும் போட்டால், ஆளுக்கு 150 கலோரியைச் சுற்றி நிற்கும், புரதம் 4 கிராமுக்குச் சற்றுக் குறையும். கலோரி பாதியாகிறது, புரதம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. முன்பு பொடியின் பக்கம் ஓட்டளித்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்குத் துணையாகக் கத்தரிக்காயை வைக்கிறார்கள். அங்கே அதன் வேலை சத்துத் தருவது அன்று, பிரியாணியின் காரத்தையும் கொழுப்பையும் புளிப்பால் சமன்செய்வது. எந்த உணவையும் அது உண்ணப்படும் இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

குடைமிளகாயும் வைட்டமின் சியும்

குடைமிளகாயின் வரலாற்றில் ஒரு நோபல் பரிசு இருக்கிறது. ஹங்கேரியின் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, வைட்டமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுக்க ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, இரவு உணவுக்கு வைக்கப்பட்ட சிவப்பு மிளகாயை உண்ண மனமில்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த மிளகாயிலிருந்து கிலோக்கணக்கில் வைட்டமின் சி கிடைத்தது. 1937இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அரிசியும் அரைத்த இறைச்சியும் அடைத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த மிளகாய் இன்றும் ஹங்கேரிய வீடுகளின் அன்றாட உணவு.

பச்சைக் குடைமிளகாய் 100 கிராமில் 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ வைட்டமின் சி உண்டு. பழுத்துச் சிவந்ததில் இன்னும் அதிகம். ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. ஆனால் இது பச்சைக் காய்க்குரிய எண். வைட்டமின் சி வெப்பத்தாலும் காற்றாலும் அழியும், தண்ணீரிலும் கரையும். அடைத்துச் சமைக்கும் முறைக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது: காய் பெரிய துண்டாக இருப்பதால் காற்றுப் படும் பரப்பு குறைவு, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் வேலையும் இல்லை, கசியும் சாறு முழுவதும் மசாலாவோடு சேர்ந்து வயிற்றுக்கே போகிறது. குடைமிளகாயைச் சற்று நறுக்கென்று இருக்கும் பதத்தில் இறக்கிவிட்டால் இழப்பு இன்னும் குறையும். அப்படி எஞ்சும் வைட்டமின் சி, அடைப்பிலுள்ள பருப்பு வகைகளின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

கடைகளில் குடைமிளகாய்க்குள் பெரும்பாலும் உருளைக்கிழங்கைத்தான் மசித்து வைக்கிறார்கள். மலிவு, பிசைந்தால் பிடிபடும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 85 கலோரியும் 2 கிராம் புரதமும் உள்ளன. அதே இடத்தை வேகவைத்த பாசிப்பயறால் நிரப்பினால் கலோரி 105, புரதம் 7 கிராம். 25 கிராம் சோயா உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்து வைத்தால் ஏறத்தாழ 85 கலோரிக்கு 13 கிராம் புரதம். பனீரை உதிர்த்து வைத்தால் 100 கிராமுக்கு 18 கிராம் புரதம் கிடைக்கும், ஆனால் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். உருளைக்கிழங்கை முழுவதும் நீக்கினால் அடைப்பு உதிர்ந்து விழும் என்பதால், மூன்றில் ஒரு பங்கு கிழங்கும் மீதி பயறுமாகப் பிசைவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பஜ்ஜி மிளகாயைக் கீறி உள்ளே ஓமமும் புளியும் வைத்துக் கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பதும் அடைத்த காய்தான். அங்கே காய் ஒரு சாக்கு. மாவு குடிக்கும் எண்ணெய்தான் முதன்மை. பொரித்த பண்டங்கள் எண்ணெயில் இருக்கும்போதைவிட வெளியே எடுத்த பிறகே அதிகம் குடிக்கின்றன. உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எடுத்தவுடனே தாளில் ஒற்றினால் பயன் உண்டு, ஆறிய பின் ஒற்றினால் தாள்தான் வீண்.

பாகற்காயும் வெண்டைக்காயும்

பாகற்காயைச் சர்க்கரை நோய்க்கு மருந்தென்று நம்பி அடைத்துச் சாப்பிடுகிறவர்கள் பலர். பாகற்காயிலுள்ள சில பொருள்கள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வகங்களில் கண்டிருந்தாலும், மனிதர்களிடம் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் பாகற்காயை நம்புவது ஆபத்து. காய்கறி என்ற முறையில் அது நல்லது. கலோரி குறைவு, நார் உண்டு, வைட்டமின் சி உண்டு. கசப்பைப் போக்குவதற்காக உப்பில் பிசறிப் பிழியும்போது கசப்போடு இவற்றில் ஒரு பகுதியும் போகும், உப்பு ஏறும். பிறகு கசப்பு தெரியாமலிருக்க அடைப்பில் வெல்லத்தை அள்ளிப் போட்டால், எந்த நோக்கத்துக்காகப் பாகற்காய் வாங்கினோமோ அது போயே போச்சு. மிதி பாகல் என்னும் சிறிய பாகற்காயைத் தேர்ந்து, விதையை நீக்கி, வறுத்த வெங்காயமும் புளியும் கடலைமாவும் அடைத்தால் கசப்பு அடங்கிய அளவில் நிற்கும். அதற்குப் பிழிய வேண்டியதில்லை.

வெண்டைக்காய்க்கு வறுத்த கடலைமாவும் மிளகாய்த்தூளும் சீரகமும் போதும். கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே கீற வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பு வெளியேறி மாவு கட்டிப்படும். அந்த வழவழப்பே கரையும் நார்ச்சத்து என்பதால், அது கறியில் தெரியாமல் காய்ந்து போனாலும் சத்தாக உள்ளேயே இருக்கிறது.

உப்பும் மீதமும்

அடைத்த கறியில் உப்பு மூன்று இடங்களில் சேர்கிறது: காயில் தடவும்போது, அடைப்பில், குழம்பில். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிரவிய ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம். நான்கு பேர் கறிக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் ஆளுக்கு ஒன்றரை கிராம். நாள் முழுவதற்கும் உரிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, அதுவும் ஒரே தொட்டுக்கையில். மூன்று இடத்துக்கும் சேர்த்து உப்பை முதலிலேயே அளந்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எடுத்துப் போடுவது எளிய கட்டுப்பாடு. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பருப்புப் பொடியே பாதுகாப்பு. கத்தரிக்காய் தின்றால் வாயும் தொண்டையும் அரிக்கிறது என்பவர்கள் அதை வற்புறுத்தி உண்ண வேண்டாம்; அதே அடைப்பு குடைமிளகாய்க்கும் வெண்டைக்காய்க்கும் பொருந்தும்.

தேங்காய் அரைத்த அடைப்பு வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு அரைநாள்கூடத் தாங்காது. சமைத்த சில மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், இல்லையேல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்க வேண்டும். பனீர், இறைச்சி அடைப்புகளுக்கும் இதே விதி. தேங்காயும் வெங்காயமும் சேராத, ஈரமில்லாமல் வறுத்து ஆறவைத்துப் பொடித்த பருப்புப் பொடி, காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு மூன்று வாரம் மணம் குறையாமல் இருக்கும். சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காய் கிடைக்கும் நாளில் கீறி அடைத்து அடுப்பில் ஏற்றினால் அரைமணி நேரத்தில் கறி தயாராகிவிடும்.